எழுத்துக்கூட்டத் தெரியும், வாசிக்க வராது

மலாய் மொழியிலும் டிஸ்லெக்சியா, அதாவது புத்தி நன்றாக இருந்தும் வாசிப்பில் மட்டும் திணற வைக்கும் குறைபாடு, உண்டு என்று சொன்னால் முதலில் சிரிப்பார்கள். ஆங்கிலம் என்றால் ஒப்புக்கொள்வார்கள்; அதன் எழுத்துக்கூட்டலைப் பார்த்து யாருக்குத்தான் தலை சுற்றாது? மலாய்க்கு என்ன வந்தது, எழுதியிருப்பதை அப்படியே வாய்விட்டுச் சொன்னால் முடிந்தது என்பார்கள். ஆசிரியர் அறையில் இதைக் கேட்டிருக்கிறேன், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் கேட்டிருக்கிறேன். "மலாய்ப் பிள்ளைக்கு மலாய் வாசிக்கச் சொல்லித்தர நீ எதுக்கு?" என்று மாமா ஒருவர் கேட்டார். அதில் கொஞ்சம் கிண்டல், கொஞ்சம் உண்மையான சந்தேகம். அவருக்குப் பதில் எழுதப் போய்த்தான் இவ்வளவு நீண்டுவிட்டது.

நான் மலேசியாவின் வடக்கே, கெடா மாநிலத்தில் ஒரு தேசியப் பள்ளியில் சிறப்புக் கல்வி ஆசிரியை. தமிழ்ப்பள்ளியில் படித்து, மலாயில் பயிற்சி பெற்று, மலாயில் பாடம் நடத்துகிறேன். என் வகுப்பில் பெரும்பாலோர் மலாய்ப் பிள்ளைகள். ஆட்டிசம் உள்ளவர்கள், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள், பொதுவாகவே எல்லாவற்றிலும் மெதுவாக வளர்பவர்கள் என்று எல்லாரும் ஒரே இடத்தில். இவர்களுக்கு நடுவில் வேறு ரகமாகச் சிலர் இருப்பார்கள். பேச்சில் கெட்டி, கணக்கில் மோசமில்லை, கால்பந்து ஆட்டக்காரர்களின் பெயரையெல்லாம் ஒப்பிப்பார்கள், ஆனால் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொன்னால் உடனே கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்பார்கள். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றி.

மலாய் எழுத்துமுறை எளியது என்பது பொய்யில்லை. ஆங்கிலத்தின் அதே 26 எழுத்துகள், ஆனால் கிட்டத்தட்ட ஒவ்வொன்றும் தன் ஒலியை விட்டு விலகாது. 1972இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் சேர்ந்து எழுத்துக்கூட்டலைச் சீர்செய்து ஒன்றாக்கிய பிறகு இன்னும் ஒழுங்காகிவிட்டது. அடிச்சொற்களில் பெரும்பாலானவை இரண்டு அசை கொண்டவை. புக்கு என்றால் புத்தகம், போலா என்றால் பந்து, மாத்தா என்றால் கண், காக்கி என்றால் கால். முதலாம் ஆண்டுப் பிள்ளை பா, பி, பு என்று அசைகளைச் சொல்லிச் சொல்லிப் பழகி, இரண்டை ஒட்டினால் ஒரு சொல் கிடைத்துவிடும். உயிர்மெய் வரிசையை ராகம் போட்டுப் படித்த நமக்கு இந்த முறை அந்நியமாகவே தெரியாது.

சிக்கல் இந்த எளிமைக்குள்தான் ஒளிந்திருக்கிறது. டிஸ்லெக்சியா பற்றி நமக்குக் கிடைக்கும் நூல்கள், சரிபார்ப்புப் பட்டியல்கள், இணையக் காணொளிகள் எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலம் வாசிக்கும் பிள்ளைகளைப் பார்த்து எழுதப்பட்டவை. பிள்ளை சொல்லைத் தப்பாக வாசிக்கிறதா, எழுத்தைத் தவறவிடுகிறதா என்று கவனிக்கச் சொல்கின்றன. ஒலியும் எழுத்தும் ஒத்துப்போகும் மொழியில் நடப்பது வேறு. 1997இல் கரின் லாண்டர்ல், ஹைன்ஸ் விம்மர், உட்டா ஃபிரித் மூவரும் டிஸ்லெக்சியா உள்ள ஜெர்மன் பிள்ளைகளையும் ஆங்கிலப் பிள்ளைகளையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. உள்ளே இருக்கும் குறைபாடு இரு பக்கமும் ஒன்றுதான். ஆங்கிலப் பிள்ளைகள் பிழை மேல் பிழையாக வாசித்தார்கள். ஜெர்மன் பிள்ளைகள் அவர்களைவிட மிகச் சரியாக வாசித்தார்கள், ஆனால் டிஸ்லெக்சியா இல்லாத ஜெர்மன் பிள்ளைகளைவிட மெதுவாக. மலாய் எழுத்துமுறை இந்த விஷயத்தில் ஜெர்மனின் பக்கம்தான். அதாவது பிழையை மட்டும் எண்ணினால் என் பிள்ளைகளில் பாதிப்பேர் தேறிவிடுவார்கள்.

அப்படித் தேறி வந்தவன்தான் நான் சொல்லப்போகும் பையன். பெயர் வேண்டாம். மூன்றாம் ஆண்டில் என்னிடம் அனுப்பினார்கள். கூட வந்த குறிப்பில் முந்தைய ஆசிரியர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'போலே மெம்பாச்சா, லம்பாட்.' வாசிப்பான், மெதுவாக. அந்தக் குறிப்பில் தப்பே இல்லை. பாடப்புத்தகத்தின் முதல் சில பாடங்களைச் சரளமாகவே வாசித்தான். பக்கத்தைத் திருப்ப மறந்த பிறகும் அடுத்த பக்கத்தை வாசித்துக்கொண்டு போனான். அண்ணன் படித்ததைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகியிருந்தது. சரி என்று, அவன் பார்த்திராத ஒரு வாக்கியத்தைப் பலகையில் எழுதினேன். 'முரிட்-முரிட் மெம்பெர்சிஹ்கான் கவாசான் செக்கோலா.' மாணவர்கள் பள்ளி வளாகத்தைச் சுத்தம் செய்கிறார்கள். முரிட் உடனே வந்தது. இரண்டாவது சொல்லில் நின்றான். மெம், என்றான். பெர், என்றான். சிஹ் வருவதற்குள் மெம் காணாமல் போனது, திரும்ப முதலிலிருந்து தொடங்கினான். ஒவ்வோர் அசையும் சரி. ஒரு பிழைகூட இல்லை. கடைசியில் செக்கோலா வரை வந்துவிட்டான், நெற்றியில் வியர்வை. என்ன வாசித்தாய் என்று கேட்டேன். "மாணவர்கள் பள்ளிக்குப் போறாங்க, சிக்கு" என்றான். (ஆசிரியரை மலாய்ப் பிள்ளைகள் சிக்கு என்றுதான் அழைப்பார்கள்.) தெரிந்த இரண்டு சொல்லைப் பிடித்து, நடுவில் இருக்கக்கூடியதைத் தானே போட்டுக்கொண்டான். புத்தியில்லாத பிள்ளைக்கு இந்தத் தந்திரம் வராது.

மலேசியாவில் 2010இல் லினுஸ் என்ற திட்டம் தொடங்கியது. முதல் மூன்று ஆண்டுகளுக்குள் எல்லாப் பிள்ளைகளும் எழுத்தும் எண்ணும் அறிந்திருக்க வேண்டும் என்பது குறிக்கோள். இப்போது அந்தத் திட்டம் இல்லை, அதைப் பற்றி ஆசிரியர்களுக்கு நிறைய மனக்குறையும் உண்டு. ஆனால் அதில் மலாய் வாசிப்பை 12 படிகளாகப் பிரித்திருந்த விதம் எனக்கு இன்றும் பயன்படுகிறது. முதலில் தனி எழுத்துகள், அப்புறம் உயிரில் முடியும் அசைகள், அவற்றாலான சொற்கள், மெய்யில் முடியும் அசைகள், அவற்றாலான சொற்கள். இதுவரை ஐந்து. ஆறாம் படியில் 'ங்' ஒலியில் முடியும் அசை கொண்ட சொற்கள், ஏழில் ஐ, ஔ போன்ற கூட்டுயிர்கள், எட்டில் இரண்டு எழுத்து சேர்ந்து ஓர் ஒலி தருபவை, ஒன்பதில் முன்னொட்டும் பின்னொட்டும் சேர்ந்த சொற்கள். அதற்கு மேல் வாக்கியங்கள். என் டிஸ்லெக்சியா பிள்ளைகள் பெரும்பாலும் ஐந்துவரை எப்படியோ ஏறிவிடுகிறார்கள். ஆறுக்கும் ஒன்பதுக்கும் இடையில் கூட்டமாக நிற்கிறார்கள்.

ஏன் அங்கே என்று பார்க்கலாம். ரூமி என்பது மலாய்க்குப் பயன்படும் அந்த 26 எழுத்துகளின் பெயர். அதில் 'ங' ஒலிக்குத் தனி எழுத்து கிடையாது. என், ஜி என்று இரண்டு எழுத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். 'ஞ' ஒலிக்கு என், வை. பூ என்று பொருள்படும் சொல்லைப் பு-ஙா என்று பிரிக்க வேண்டும். பிள்ளை புன்-கா என்று பிரித்துவிட்டு, அப்படியொரு சொல் இல்லையே என்று முழிக்கும். கை என்பதற்குத் தாஙான், ஏணி என்பதற்குத் தாங்கா. முதலாவதில் ஒரு ஜி, இரண்டாவதில் இரண்டு ஜி. நல்ல வாசகனுக்கே கண் ஒரு நொடி நிற்கும் இடம். எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிடித்து நடக்கும் பிள்ளைக்கு, இரண்டை ஒன்றாக எண்ண வேண்டிய இடம் எது, ஒன்றொன்றாக எண்ண வேண்டிய இடம் எது என்பது பெரிய சோதனை.

பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீ லே வா, மலாய் வாசிப்புக்காகவே சோதனைகள் உருவாக்கியவர். அவரும் கெவின் வெல்டாலும் 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் 46 பேரைப் பார்த்தார்கள். அவர்களில் 11 பேர் பின்தங்கியவர்கள். பிழைகளைப் பிரித்துப் பார்த்தபோது, சொல்லைச் சரியான இடத்தில் அசையாக வெட்டத் தெரியாதது, கடினமான அசையைச் சுருக்கிக்கொள்வது, எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு முழுதாகப் பதியாதது, ஒலிகளைக் கோத்துச் சொல்லாக்க முடியாதது என்று நான்கு வகை வந்தன. அந்த ஆய்வு முறையாக டிஸ்லெக்சியா என்று கண்டறியப்பட்டவர்களைப் பற்றியதல்ல. ஆனாலும் அந்த நான்கையும் என் வகுப்பில் காலை முதல் மதியம்வரை கேட்கிறேன்.

திருப்பிப் போட்டால் ஒன்று மற்றதாகும் பி, டி (b, d) எழுத்துக் குழப்பம் எல்லாருக்கும் தெரிந்தது, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். மலாயில் அது கொஞ்சம் கூடுதலாகவே விளையாடும், ஏனென்றால் மாற்றி வாசித்தாலும் பல சமயம் உண்மையான சொல் கிடைத்துவிடும். புக்கு டுக்கு ஆகும், புத்தகம் பழமாகிவிடும். புலு டுலு ஆகும், இறகு 'முன்பு' ஆகிவிடும். பஹான் டஹான் ஆகும், மூலப்பொருள் மரக்கிளையாகிவிடும். பிள்ளை தன் பிழையைத் தானே பிடிக்க வழியில்லை. ஆனால் மக்கள் நினைப்பதுபோல இது கண்ணில் உள்ள கோளாறு இல்லை. ஆறு ஏழு வயதுவரை சாதாரணப் பிள்ளைகளும் இப்படிக் குழம்புவார்கள். இதை மட்டும் வைத்துக்கொண்டு யாராவது உங்கள் பிள்ளைக்கு டிஸ்லெக்சியா என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

அடுத்தது இரட்டை வேடம் போடும் ஓர் உயிரெழுத்து, ஆங்கில அகரவரிசையில் ஐந்தாவதாக வரும் 'ஈ' (e). மலாயில் அது சில சொற்களில் தெளிவான 'எ', சில சொற்களில் வாய் பாதி திறந்த மங்கலான ஒலி. எது எங்கே என்று எழுத்தில் குறிப்பதில்லை. பெராங் என்று எழுதியிருப்பதைத் தெளிவான எகரத்தோடு சொன்னால் பழுப்பு நிறம், மங்கலாகச் சொன்னால் போர். செமாக் ஒரு விதமாகச் சொன்னால் சரிபார்த்தல், இன்னொரு விதமாகச் சொன்னால் புதர். செப்பாக் உதைப்பதும் ஆகும், கன்னத்தில் அறைவதும் ஆகும். பெரியவர்கள் வாக்கியத்தின் பொருளை வைத்து முடிவெடுப்பார்கள். பொருள் கிடைக்கவே வாசிப்பு முடிய வேண்டும் என்ற நிலையில் உள்ள பிள்ளை எதை வைத்து முடிவெடுக்கும்?

கெடா பேச்சு என்று ஒன்று இருக்கிறதே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய என்பதற்கு எழுதுவது பெசார், இங்கே பேசுவது பெசாக். கப்பல் என்பதை எழுதும்போது கப்பால், பேசும்போது கப்பாய். தண்ணீருக்கு ஆயிர் என்று எழுதிவிட்டு ஆயாக் என்பார்கள். கிளந்தான் மாநிலத்தில் இன்னும் மோசம், மாக்கான் (சாப்பிடு) என்ற சொல்லின் கடைசி மூக்கொலியே போய்விடும். எழுதியபடி ஒலிக்கும் மொழி என்ற பெருமை வானொலிச் செய்தி வாசிப்பவருக்குத்தான் பொருந்தும். எங்கள் பிள்ளை வீட்டில் கேட்ட ஒலியை அப்படியே எழுதினால் சிவப்பு மை. சாதாரணப் பிள்ளை ஓரிரு ஆண்டில் இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்ளும். ஒலியைத் துண்டாக்கிப் பார்ப்பதே கடினமாக உள்ள பிள்ளைக்கு ஒரே சொல்லுக்கு இரண்டு ஒலி வடிவம் என்பது சுமை. மறுபக்கம், கெடா வழக்கில் எழுதுகிற ஒவ்வொரு பிள்ளையையும் டிஸ்லெக்சியா பட்டியலில் சேர்க்கும் ஆசிரியர்களும் உண்டு. வெளிமாநிலத்திலிருந்து மாற்றலாகி வந்தவர்கள் முதல் ஆண்டில் இதைச் செய்வார்கள்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட, ஒன்பதாம் படிதான் என் பிள்ளைகளை நிறுத்திவைக்கிறது. ஒட்டுகள். இதைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்குவது எளிது, ஏனென்றால் நம் மொழியும் ஒட்டி ஒட்டி நீளும் மொழிதான். வித்தியாசம் எந்தப் பக்கம் ஒட்டுகிறோம் என்பதில். 'எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு' என்ற சொல்லைப் பாருங்கள். எவ்வளவு நீண்டாலும் முதலில் கண்ணில் படுவது எழுது. தலையைப் பார்த்தவுடன் பேச்சு எதைப் பற்றி என்று தெரிந்துவிடும். மலாய்ச் சொல் அப்படியில்லை, தலைப்பக்கமும் ஒட்டும். பெர்சிஹ் என்றால் சுத்தம். அதிலிருந்து கெபெர்சிஹான் தூய்மை, மெம்பெர்சிஹ்கான் சுத்தம் செய், பெம்பெர்சிஹான் சுத்தப்படுத்துதல். அடிச்சொல் நடுவில் புதைந்திருக்கிறது. பாடப்புத்தகத்தின் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மெ, பெர், பெ, கெ, டி என்று தொடங்கும் சொற்கள்தான் வரிசையாக நிற்கும். வாசிக்கத் திணறும் பிள்ளைகள் உலகம் முழுக்கச் செய்யும் ஒரு தந்திரம், முதல் இரண்டு எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிப்பது. மலாயில் அந்த முதல் எழுத்துகள் எதையும் சொல்வதில்லை.

இதோடும் நிற்காது. துலிஸ் என்றால் எழுது. முன்னொட்டு சேர்ந்தால் மெனுலிஸ். முதல் எழுத்தே கரைந்துவிட்டது. சாப்பு என்றால் கூட்டிப் பெருக்கு, அது மெஞாப்பு ஆகும். புக்குல் அடி, அது மெமுக்குல் ஆகும். கிரா எண்ணு, அது மெஙிரா ஆகும். இதில் நமக்குப் புணர்ச்சி விதி ஞாபகம் வரும், பிள்ளைகளுக்கு வருவது வயிற்றுவலி. அதிலும் வீட்டுப் பேச்சில் இந்த முன்னொட்டுகளைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். பாச்சா புக்கு (புத்தகம் வாசி) என்று அம்மா சொல்வார், மெம்பாச்சா என்று புத்தகம் சொல்லும். ஆக, எழுத்தில் அடிக்கடி வரும் வடிவம் காதில் அரிதாகவே விழுந்திருக்கிறது.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் மெல்வின் யாப், சூசன் ரிக்கர்ட் லியாவ் குழுவினர் 2010இல் 9,592 மலாய்ச் சொற்களை வைத்து ஒரு பெரிய தரவுத் தொகுப்பு வெளியிட்டார்கள். ஒரு சொல்லை எவ்வளவு வேகமாக அடையாளம் காண்கிறோம் என்பதை ஆங்கிலத்தில் பெரிதும் முடிவுசெய்வது அந்தச் சொல் எவ்வளவு பழக்கமானது என்பது. மலாயில் சொல்லின் நீளம் முன்னுக்கு வந்தது. நன்றாக வாசிக்கத் தெரிந்த பெரியவர்களிடமே இப்படி. என் பையன் மெம்பெர்சிஹ்கானில் நின்றதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

மலாய்ப் பிள்ளைக்கு இன்னோர் எழுத்தும் உண்டு, இது வெளியில் உள்ளவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. முஸ்லிம் மாணவர்கள் இஸ்லாமியக் கல்வியில் ஜாவி எழுத்தும் படிக்கிறார்கள். அரபு எழுத்திலிருந்து வந்தது, வலமிருந்து இடமாகப் போகும். காலையில் ஒரு திசை, பத்து மணிக்கு எதிர்த்திசை. ப, த, ந எழுத்துகளுக்கு இடையே வித்தியாசம் புள்ளி எத்தனை, மேலேயா கீழேயா என்பதில்தான். உகரமும் ஒகரமும் ஒரே எழுத்து, இகரமும் எகரமும் ஒரே எழுத்து, மங்கல் ஒலிக்கு எழுத்தே போடுவதில்லை. ஊகித்துத்தான் வாசிக்க வேண்டும். ஆனால் வேடிக்கை பாருங்கள், ரூமியில் இரண்டு எழுத்து கேட்கும் 'ங'வுக்கும் 'ஞ'வுக்கும் ஜாவியில் நம் தமிழைப்போல ஒற்றை எழுத்து. புஙாவை ரூமியில் புன்-கா என்று வெட்டிய ஒரு சிறுமி, ஜாவியில் அதே சொல்லைச் சரியாகப் பிரித்தாள். சமய ஆசிரியை வந்து சொன்னபோது எனக்கும் வியப்பாகத்தான் இருந்தது. குர்ஆன் வகுப்பு இன்னொரு கதை. உயிர்க்குறிகள் முழுதாக இட்டிருக்கும், கேட்டு மனப்பாடம் செய்வதற்கு இடம் உண்டு. வகுப்பில் தலை குனிந்து உட்காரும் சில பிள்ளைகள் அங்கே நன்றாக ஓதுவார்கள். அப்புறம் வீட்டில், "ஓத மட்டும் வருது, படிக்க வரலையா? சோம்பேறித்தனம்" என்று திட்டு விழும்.

சோம்பேறி என்ற சொல்லை மலாய் வீடுகளில் கேட்ட அளவு நம் வீடுகளிலும் கேட்டிருக்கிறேன், அதில் இனபேதம் கிடையாது. மந்திரித்த தண்ணீர் கொடுத்துப் பார்ப்பார்கள், டியூஷன் மாற்றிப் பார்ப்பார்கள், கைப்பேசியைப் பிடுங்கிப் பார்ப்பார்கள். அந்தப் பையனின் அம்மாவை நான் காக் என்று அழைப்பேன், அக்கா மாதிரி. அவர் எல்லாவற்றையும் செய்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார். மருத்துவமனைக்கு அனுப்புவதற்கான படிவத்தில் அப்பாவின் கையெழுத்தும் வேண்டியிருந்தது. அவர் வந்தார், லாரி ஓட்டுபவர், நகைச்சுவையாகப் பேசுபவர். படிவத்தை நீட்டினேன். "சிக்குவே வாசிச்சுச் சொல்லிடுங்க, கண்ணாடி கொண்டுவரல" என்றார். சட்டைப்பையில் கண்ணாடி இருந்தது. நான் வாசித்துச் சொன்னேன். டிஸ்லெக்சியா குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது என்று மருத்துவர் பிறகு விளக்கியபோது, காக் கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவர், பினாங்கு முதல் ஜொகூர்வரை எல்லா வழியும் தனக்கு மனப்பாடம் என்றார்.

அடையாள அட்டை விஷயம் வந்தால் பெற்றோர் பின்வாங்குகிறார்கள். 2008இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்குப் பிறகு பதிவுமுறை ஒழுங்கானது. சமூகநலத் துறை தரும் அட்டையில் டிஸ்லெக்சியா கற்றல் குறைபாடு என்ற பிரிவுக்குள் வரும். சிறப்பு வகுப்பில் சேர்ந்தால் மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகையும் உண்டு. ஆனால் அந்த ஒரே பிரிவுக்குள் டவுன் சிண்ட்ரோமும் ஆட்டிசமும் டிஸ்லெக்சியாவும் சேர்ந்தே இருக்கின்றன. "என் பையன் அப்படி இல்லையே, சிக்கு" என்று பெற்றோர் சொல்லும்போது அதில் மற்றப் பிள்ளைகளைப் பற்றிய ஓர் இளக்காரம் இருக்கிறது, அது எனக்குப் பிடிக்காது. கூடவே ஒரு நியாயமும் இருக்கிறது. டிஸ்லெக்சியா பிள்ளைக்குத் தேவை, சாதாரண வகுப்பின் பாடமும் வாசிப்புக்கு மட்டும் தனிக் கவனிப்பும். முழு நேரமும் என் வகுப்பில் வைத்தால் அறிவியலும் வரலாறும் கைவிட்டுப் போகும். உள்ளடக்கிய கல்வி என்று கல்வி அமைச்சின் கொள்கையில் இருப்பது இதுதான். நடைமுறையில் தலைமையாசிரியரின் மனசைப் பொறுத்தது.

வகுப்பில் நான் செய்வது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நீண்ட சொல்லை அட்டையில் எழுதி, பிள்ளையின் கையிலேயே கத்தரிக்கோல் கொடுத்து அசையாக வெட்டச் சொல்வேன். எங்கே வெட்டுகிறது என்பதிலேயே எங்கே சிக்கல் என்று தெரிந்துவிடும். ங, ஞ ஒலிகளுக்கான இரட்டை எழுத்துகளை எப்போதும் ஒரே நிறத்தில், ஒரே அட்டையில் ஒட்டியே வைப்பேன், பிரித்துக் காட்டவே மாட்டேன். முன்னொட்டுகளை எழுத்துக்கூட்ட விடுவதில்லை. மெம், மென், மெங், பெர் எல்லாம் பார்த்த மாத்திரத்தில் சொல்லும் துண்டுகளாகப் பழக வேண்டும். அப்புறம் அதை விரலால் மறைத்துவிட்டு உள்ளே இருக்கும் அடிச்சொல்லைத் தேடுவது. பையனுக்கு இது பிடித்துப்போனது. நாளிதழை எடுத்து வைத்துக்கொண்டு சொற்களின் தலையையும் வாலையும் மறைத்து, உள்ளே யார் இருக்கிறார் என்று கேட்பான். அதற்கு மேல், ஒரே சிறு பத்தியைத் திரும்பத் திரும்ப, நேரம் குறித்து வாசிப்பது. இது சலிப்பான வேலைதான், ஆனால் வேகம் வேறு எதனாலும் வந்து நான் பார்த்ததில்லை.

வண்ணக் கண்ணாடித் தாள், டிஸ்லெக்சியாவுக்கென்று விற்கும் எழுத்துரு, மூளையைத் தூண்டும் மாத்திரை என்று கடைவிரிப்பவர்கள் நிறையப் பேர். வண்ணத் தாளாலும் தனி எழுத்துருவாலும் வாசிப்பு மேம்படுகிறது என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். மாத்திரைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்தக் காசில் பிள்ளைக்கு நாசி லெமாக் வாங்கிக் கொடுங்கள்.

இதைப் படிக்கும் தமிழ்ப் பெற்றோர் தங்கள் பிள்ளையைப் பற்றிக் கேட்பார்கள் என்று தெரியும். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு முதலாம் ஆண்டிலேயே தமிழ், ரூமி மலாய், ஆங்கிலம் மூன்றும் வந்துவிடுகின்றன. டிஸ்லெக்சியா இருந்தால் அது ஒரு மொழியில் மட்டும் வந்து உட்காராது. ஆங்கிலத்தில் தப்பாகவும், மலாயில் மெதுவாகவும், தமிழில் குறில் நெடில் குழப்பமாகவும் துணைக்கால், கொம்பு விடுபடுவதாகவும் தெரியலாம். மூன்றிலும் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. ஒன்றில் மட்டும் என்றால் அந்த மொழி வீட்டில் எவ்வளவு புழங்குகிறது என்று முதலில் யோசியுங்கள். சோதிக்கும்போது பாடப்புத்தகத்தைக் கொடுக்காதீர்கள், மனப்பாடமாக இருக்கும். பிள்ளை பார்த்திராத பக்கம் ஒன்றை எடுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள், முடித்தவுடன் என்ன நடந்தது என்று கேளுங்கள். தப்பில்லாமல் வாசித்து, கதை சொல்லத் தெரியாவிட்டால், அதைச் சோம்பல் என்று எழுதிவிடாதீர்கள். தலைநகரில் மலேசிய டிஸ்லெக்சியா சங்கம் மையம் நடத்துகிறது. எங்களைப்போல வடக்கே இருப்பவர்கள் அரசு சுகாதார மையத்தில் தொடங்கி, பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு பெரிய மருத்துவமனைக்குப் போவதுதான் வழி. வரிசை நீளமானது, அதனால் சீக்கிரம் பெயர் கொடுங்கள்.

பையன் இப்போது இடைநிலைப் பள்ளியில் இருக்கிறான். வாசிப்பான், இன்னமும் மெதுவாக. வரலாற்றுப் பாடத்தை நண்பன் வாசிக்க இவன் கேட்டுக்கொள்கிறான், பதிலுக்கு அவனுக்குக் கணக்கு சொல்லித் தருகிறான். இடைநிலைப் பள்ளி முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்குமா என்று காக் அண்மையில் கேட்டார். கிடைக்கும், ஆனால் பள்ளிதான் விண்ணப்பிக்க வேண்டும், மருத்துவக் கடிதம் இணைக்க வேண்டும். ஆரம்பப் பள்ளியின் கோப்பு தானாகப் பின்னால் வரும் என்று நம்ப வேண்டாம் என்றேன். கடிதத்துக்கு மூன்று நகல் எடுத்து, ஒன்றை வகுப்பாசிரியரிடம், ஒன்றை ஆலோசக ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு, மூன்றாவதை அப்பாவின் லாரியில் வைக்காமல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளும்படி சொல்லியிருக்கிறேன்.